கண்ணாடிக் குழாயின் சாட்சி

உண்மை பேசுகிறவனை உலகம் நம்பும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் பிழையில்லை, அவர்கள் நிமிர்ந்து வளர வேண்டுமே. ஆனால் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம் இரண்டாம் மாடியில் குடியிருந்த வைத்தீஸ்வரனுக்கு அந்தப் பாடம் பலிக்கவில்லை. அவர் செய்த குற்றமெல்லாம் நீரிழிவு நோய் வந்ததுதான்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு, துர்கா பூஜை முடிந்த கையோடு அவருக்கு ஓயாத தாகம் கண்டது. ரத்தத்தைச் சோதித்ததில் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. டாக்டர் லாஹிரி இளைஞர், பொறுமைசாலி. மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிப்பை அடியோடு விடவேண்டும், காலையில் ஏரிக்கரையில் நடக்கவேண்டும், மாதம் ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார். இடைப்பட்ட நாட்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனையைச் செய்துகொள்ளச் சொன்னார். நீல நிற மருந்து நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் ஆபத்து.

இந்தப் பொறுப்பை அவருடைய மனைவி ஜகதாம்பாள் ஏற்றுக்கொண்டாள். அவள் மடி ஆசாரக்காரி. மூத்திரத்தைக் கொதிக்கவைக்கும் விளக்கு சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று, பின்பக்க வராந்தாவின் மூலையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் வைத்தாள். விடிந்ததும் முதல் காரியமாகச் சோதனையை முடித்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் தலைமுழுகிய பிறகே அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். கல்கத்தாக் குளிரில் அது சாமானிய காரியமல்ல. நாள்தோறும் இத்தனை கஷ்டப்பட்டுப் பெறுகிற பதில் பொய்யாக இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

முதல் சில நாட்கள் குழாய் நீலமாகவே இருந்தது. ஜகதாம்பாளுக்கு உற்சாகம் பிறந்தது. துவாதசிப் பாரணையில் நெல்லிக்காய் சேர்க்கும் குடும்பம் அவர்களுடையது. பட்டினி கிடந்த உடம்பை ஒரே நாளில் தேற்றுகிற காய், நித்தியம் கொடுத்தால் நோயையே விரட்டாதா என்று அவள் எண்ணினாள். கரியாஹாட் சந்தையில் அப்போதுதான் புதுக் காய் வந்து குவிந்துகொண்டிருந்தது. கூடை கூடையாக வாங்கிவந்து இடித்துப் பிழிந்து, இரவு படுக்கப்போகுமுன் ஒரு பெரிய டம்ளர் சாறும், விடியலில் கண்விழித்தவுடன் ஒரு டம்ளரும் கணவருக்குக் கொடுத்தாள். அதே வாரம்தான் வைத்தீஸ்வரன் காலை நடையையும் தொடங்கினார்.

அந்த வாரமே குழாய் மஞ்சளாயிற்று. பிறகு ஆரஞ்சு நிறமாயிற்று.

"ஏன்னா, வாக்கிங் போற வழியில நிமாய் மிட்டாய்க் கடை இருக்கோல்லியோ?" என்று ஜகதாம்பாள் கேட்டாள்.

"இருக்கு. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. கேட்டேன்."

வைத்தீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தக் கடை வாசல்ல மூக்கைப் பொத்திண்டு போறேன், போதுமா?"

"மூக்கைப் பொத்திண்டா வாய் திறந்துக்குமே."

வேடிக்கையாகத் தொடங்கியது வேடிக்கையாகவே முடிந்திருக்கலாம். ஆனால் குழாய் விடவில்லை. நிறம் ஏற ஏற அவள் சாற்றைக் கூட்டினாள். சாற்றைக் கூட்டக் கூட்ட நிறம் ஏறியது. சாதத்தைக் குறைத்தாள். காப்பியை நிறுத்தினாள். கணவர் தனியாக இனிப்புத் தின்னும் பழிக்குத் தான் துணைபோகக் கூடாதென்று, அவளும் ஒரு துளி சர்க்கரை தொடாமல் விரதம் இருந்தாள். ஒருநாள் பூஜை அலமாரியின் முன் கற்பூரத்தை ஏற்றினாள்.

"அணைச்சு சத்தியம் பண்ணுங்கோ. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிப்பு எதையும் தாம் தொடவில்லை என்று வைத்தீஸ்வரன் சத்தியம் செய்தார். கை சுட்டது, மனம் லேசாயிற்று. மறுநாள் காலை குழாயில் வந்தது செங்கல் நிறம்.

அன்று ஜகதாம்பாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குளித்துவிட்டு வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "திருடித் தின்னதையாவது மன்னிச்சிருப்பேன். சுவாமி முன்னாடி பொய் சொல்லிட்டேளே."

பிறகு அவளே நிமாயின் மிட்டாய்க் கடைக்குப் போனாள். அவளுடைய வங்காளம் சந்தையில் காய்கறி வாங்கிக் கற்றுக்கொண்டது. அதைக் கொண்டே, கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்க, தன் வீட்டுக்காரருக்கு மிட்டாய் கொடுத்தால் பாவம் உங்களைச் சேரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் ஒருநாளும் வாங்கியதில்லையே என்று நிமாய் சொன்னதை, கடைக்காரன் வாடிக்கையைக் காப்பாற்றும் பேச்சு என்று தள்ளினாள்.

செய்தி ஏரிக்கரைக்கும் எட்டியது. அங்கே வைத்தீஸ்வரனுடன் நடப்பவர் வேலாயுதம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாய்த்துடுக்கு அதிகம்.

"என்ன சாமி, இன்னைக்கு என்ன கலரு? சிக்னல் செவப்பா, பச்சையா?"

"சிவப்புதான்."

"அப்ப வண்டி அவுட்டர்லயே நிக்க வேண்டியதுதான். எங்கிட்டயாவது உண்மையச் சொல்லும். ரசகுல்லாவா, சந்தேஷா?"

"வேலாயுதம், நான் தொடவே இல்லை."

"சரி சரி. நான் நம்புதேன்," என்று வேலாயுதம் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டல் வைத்தீஸ்வரனை வீட்டில் பட்ட சொல்லைவிட அதிகமாகச் சுட்டது. அவருக்கு அப்போது வேண்டியிருந்தது வயிறு நிறையச் சாதமுமல்ல, காப்பியுமல்ல. 'நீ சொல்வது மெய்' என்று ஒரு மனிதர் சொன்னால் போதும்.

ஆய்வுக்கூடம் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாதந்தோறும் ரத்தத்தில் சர்க்கரை ஒழுங்காகக் கட்டுப்பட்டிருந்தது. ஜகதாம்பாளுக்கு அது பொருட்டாகப் படவில்லை. மாதத்தில் ஒருநாள் பட்டினியாகப் போய்க் கையை நீட்டுகிற கணக்கு ஒரு கணக்கா? தன் கண்ணெதிரே தினந்தோறும் நிறம் மாறுகிறதே!

மூன்றாம் முறையும் ரத்தம் நன்றாக இருக்கவே, டாக்டர் லாஹிரி இருவரையும் அழைத்து உட்காரவைத்தார். வைத்தீஸ்வரனிடம் ஆங்கிலத்திலும் ஜகதாம்பாளிடம் வங்காளத்திலும் பேசினார். அவளுக்குப் புரியாததைக் கணவர் தமிழில் சொன்னார். அவள் தமிழில் சொன்னதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"மாஷிமா, காலையில் சோதனைக்கு முன் இவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று, வங்காள வழக்கப்படி அவளைச் சித்தி முறை சொல்லிக் கேட்டார்.

"ஆம்லோக்கி ரஸ்," என்று நெல்லிச்சாற்றை வங்காளத்தில் சொன்னாள் அவள் பெருமையோடு.

எவ்வளவு என்று கேட்டார். அவள் கையால் டம்ளரின் உயரத்தைக் காட்டினாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அந்த நீல நீருக்குச் சர்க்கரையை அடையாளம் தெரியாது, மாஷிமா. அதிலிருக்கும் தாமிரத்தை மாற்றுகிற பொருள் எது வந்தாலும் அது சிவக்கும். சர்க்கரையும் மாற்றும். நெல்லிக்காயில் இருக்கிற சத்து ஏராளமாக உள்ளே போனால், மிஞ்சியது சிறுநீரில் இறங்கி அதே வேலையைச் செய்யும். நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கிறது, தபால்காரனைப் பார்த்தும் குரைக்கிறது. நாம்தான் எழுந்து போய் யாரென்று பார்க்கவேண்டும்."

ஜகதாம்பாள் நம்பவில்லை. "அப்படியானால் நீங்களே குடித்துப் பாருங்கள்," என்றார் டாக்டர். "உங்களுக்குத்தான் இந்த நோய் இல்லையே."

அவள் குடித்துப் பார்த்தாள். கணவருக்குச் சாற்றை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் அவரைப் போலவே இரவும் விடியலும் குடித்தாள். அதற்கடுத்த காலை பின்பக்க வராந்தாவிலிருந்து அவள் குரல் கேட்டது.

"இங்க வாங்கோ."

குழாயில் ஆரஞ்சு நிறம் கலங்கி நின்றது.

"என்னோடதா? நான்தான் சாறே குடிக்கலையே," என்றார் வைத்தீஸ்வரன்.

"என்னோடது."

கீழே தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். "நீ எந்தக் கடையில தின்னே, ஜகதா?" என்று கேட்டுவிடலாமா என்று அவர் நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவள் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து, நிறுத்தியிருந்த காப்பியைப் போட்டு, சர்க்கரையில்லாமல் ஆற்றிக் கொடுத்தாள்.

"இனிமே யார் என்ன சொன்னாலும் உங்க வார்த்தைதான் எனக்கு," என்றாள்.

அவர் வேறொரு சொல்லுக்காகக் காத்திருந்தார். அன்று மாலைவரை காத்திருந்தார். அந்த வாரம் முழுவதும் காத்திருந்தார். அவளுக்கோ தான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று என்ற நிம்மதி. நிமாய் கடைக்குப் போய், தான் பேசியது தவறு என்று சொல்லிவரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கற்பூரம் சுட்ட கையைப் பற்றியும் பேச்சில்லை.

மனிதமனம் விசித்திரமான வியாபாரி. பழி இருந்தவரை வைத்தீஸ்வரன் ஒரு பருக்கை இனிப்பையும் நினைத்ததில்லை. பழி நீங்கியபின் ஒருநாள் ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது, குளிர்காலக் கடைசியின் பனைவெல்லச் சந்தேஷ் வாசனை நிமாய் கடையிலிருந்து வந்தது. தண்டனையைத்தான் முழுக்க அனுபவித்தாயிற்றே, குற்றம் மட்டும் செய்யாமல் ஏன் மிச்சம் வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே போய் உட்கார்ந்தார். கூட வந்த வேலாயுதமும் உட்கார்ந்தார்.

"சாமி, வேண்டாம்யா."

"நீதானே ரசகுல்லாவா, சந்தேஷான்னு கேட்டே? சந்தேஷ்."

"நான் கேலிக்குல்லா கேட்டேன்!"

"எல்லாரும் கேலிக்குத்தான் கேட்டேள்," என்று சொல்லி, வைத்தீஸ்வரன் நிதானமாகத் தின்றார். கசப்பான மருந்தை விழுங்குகிற முகத்தோடு தின்றார்.

மறுநாள் காலை அவர் பயந்துகொண்டே வராந்தா வாசலில் நின்றார். ஜகதாம்பாள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நீலம். ஆகாசம் போன்ற நீலம்.

"பாத்தேளா! அந்த நெல்லிக்காய்தான் பாவி. குழாய் பாவம், எப்பவும் நெஜம்தான் சொல்லிண்டிருந்தது."

அன்றும் போனார். மறுநாளும் நீலம். திருடாதபோது திருடன் என்று கூவிய சாட்சி, திருடும்போது யோக்கியன் என்று சாதித்தது. அந்த அநியாயத்தில் வைத்தீஸ்வரனுக்கு ஒரு ருசி கண்டுவிட்டது. சந்தேஷின் ருசியைவிட அது பெரிது. பனைவெல்லக் காலம் முடிந்தது. ரசகுல்லாவுக்கும் இனிப்புத் தயிருக்கும் காலமென்று ஒன்று இல்லை.

ஆய்வுக்கூடத்தில் மாதம் ஒருமுறை ரத்தம் கொடுப்பதை ஜகதாம்பாள் நிறுத்திவிட்டிருந்தாள், குழாய்தான் இருக்கிறதே. வைகாசிப் புழுக்கத்தில் டாக்டரே வற்புறுத்தியதன் பேரில் கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கவேண்டிய அளவின் மும்மடங்கை நெருங்கியிருந்தது. டாக்டர் மறுபடியும் சோதிக்கச் செய்தார், அதே விடை.

"மேஷோமஷாய், இது எப்படி நடந்தது?" என்று டாக்டர் அவரைச் சித்தப்பா முறை சொல்லிக் கேட்டார்.

வைத்தீஸ்வரன் வாய் திறக்குமுன் ஜகதாம்பாள் முந்திக்கொண்டாள். குழாய் தினமும் நீலமாக இருக்கும்போது ரத்தத்தில் மட்டும் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். டாக்டர் ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து காட்டினார். ரத்தத்தில் சர்க்கரை ஓர் எல்லையைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். வயதாக ஆகச் சிலருக்கு அந்த எல்லை உயர்ந்துவிடும். அப்போது ரத்தம் சர்க்கரையாய் இருந்தாலும் சிறுநீர் சுத்தமாக இருக்கும் என்றார்.

இதற்கு ஒரு தவளைக் கதை பொருந்தும். ஓர் ஏரியின் கலிங்கில், மிகைநீர் வழிகிற இடத்தில், ஒரு தவளை குடியிருந்தது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று மற்றப் பிராணிகள் அதைத்தான் கேட்கும். கால் நனைந்தால் ஏரி நிறைந்தது என்று அது சொல்லும். ஒரு வருஷம் ஊரார் கலிங்கின்மேல் கல் அடுக்கி உயர்த்திவிட்டார்கள். தவளையும் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழை கொட்டியது; ஏரி கரை தளும்ப நின்றது. தவளை தன் காலைப் பார்த்து, 'ஈரமில்லை, ஏரி காலி' என்று சத்தியமாகச் சொன்னது. அன்றிரவு கரை உடைந்தது. தவளை பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. அதனிடம் கேட்டவர்கள்தான் ஏரியை எட்டிப் பார்க்கவில்லை.

ஜகதாம்பாள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "சிவப்பா இருந்தப்போ சிவப்பு பொய்ன்னார். இப்போ நீலம் பொய்ங்கறார். அப்போ எதுதான் நெஜமாம்? கேளுங்கோ அவரை," என்றாள் கணவரிடம்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரத்தம்," என்றார் டாக்டர். "ரத்தம்தான் நிஜம். இவர் இனிப்புச் சாப்பிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்."

ஜகதாம்பாளுக்கு முகம் சிவந்தது. "சொல்லுங்கோ அவர்கிட்ட. ஒரு தடவை நான் சந்தேகப்பட்டுச் சந்தி சிரிக்கப் பண்ணினேன். அந்தப் பாவம் போறும். எங்காத்துக்காரர் எதையும் தொடமாட்டார். அவர் வார்த்தை எனக்கு வேதம். நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

குளிர்காலம் முழுவதும் எந்தச் சொல்லுக்காக அவர் ஏங்கினாரோ, அந்தச் சொல் இப்போது வந்தது. அதைத் தம் வாயாலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்படியும் வந்தது. என் மனைவி சொல்கிறாள், என் கணவர் எதையும் தொடமாட்டார் என்று, வைத்தீஸ்வரன் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

டாக்டர் அவருடைய கண்களையே பார்த்தார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"அவள் சொன்னதுதான்."

டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். வீட்டுக்கு வந்ததும், குழாய் நீலமாக இருக்கும்போது மாத்திரையைக் கூட்டினால் மயக்கம் வந்துவிடும் என்று ஜகதாம்பாள் பழைய அளவையே கொடுத்தாள். வைத்தீஸ்வரன் அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதானால் எல்லாவற்றையும் சொல்லவேண்டுமே; தன்னை நம்புகிற முகத்தை இழக்கவேண்டுமே. நாளைக்கு விட்டுவிடலாம், நாளைக்கு விட்டுவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இராது என்று எண்ணி எண்ணிக் கோடையும் மழையும் கழிந்தன.

பூஜைக்கு வாங்கிய புதுச் செருப்பு காலைக் கடித்தது. கடித்தது அவருக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போய் வெகுநாளாயிற்று. "சாமி, செருப்பு வாரெல்லாம் ரத்தம்!" என்று ஏரிக்கரையில் வேலாயுதம் பதறியபோதுதான் குனிந்து பார்த்தார். மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். பிறகு டாக்டரிடம் போனார்கள். பெருவிரல் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. கார்த்திகை பிறக்குமுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவைக்கு முந்திய மாலை ஜகதாம்பாள் கட்டிலின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் தம்மால் தாங்க முடியாதென்று வைத்தீஸ்வரனுக்குத் தோன்றியது. கால் போகிறது, பொய்யாவது கூடவே போகட்டும்.

"ஜகதா, லேப்ல தப்பு இல்லை."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கேளு. நான் தின்னேன். மாசி மாசத்துலேருந்து தினமும். நிமாய் கடையில."

அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஜுரம் கொதிக்கறது."

"ஜுரத்துல சொல்லலைடி. நெஜமா தின்னேன். உன் மேல இருந்த கோபத்துல தின்னேன்."

அவள் கண்கள் நிறைந்தன. "நான் அன்னிக்குப் பேசினது உங்க மனசைவிட்டுப் போகவே இல்லை. அதான் இப்படியெல்லாம் பிதற்றச் சொல்றது. செய்யாததை நான் செஞ்சேள்னேன்; நீங்களும் செஞ்சேன்னு சொல்லிண்டு படுத்திருக்கேள்."

"ஐயோ, வேலாயுதத்தைக் கேளேன்! பக்கத்துலயே உக்காந்திருந்தான்."

வேலாயுதம் அப்போதுதான் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார். ஜகதாம்பாள் எழுந்து எதிரே போனாள். வாழ்நாளில் அவருடன் நேரில் நின்று பேசியதில்லை, இன்று பேசினாள்.

"நீங்களே சொல்லுங்கோ. இவர் நிமாய் கடையில தினமும் மிட்டாய் தின்னாராம். நெஜமா?"

வேலாயுதம் கட்டிலைப் பார்த்தார். போர்வையின் அடியில் நாளைக்கு இல்லாமற்போகும் காலைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ஓர் உத்தமருக்கு அநியாயம் செய்துவிட்டோமே என்ற ஒரு துக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்று அவருக்குப் பட்டது. வாய்த்துடுக்குக்காரர்தான், ஆனால் ஈரநெஞ்சு.

"யாரு, சாமியா? நான் வம்புக்கு இழுத்தாக்கூடக் கடை வாசல்ல நிக்க மாட்டாரேம்மா."

"கேட்டேளா?" என்று ஜகதாம்பாள் கணவரிடம் திரும்பினாள். அவள் குரலில் அழுகையும் நிம்மதியும் கலந்திருந்தன. புடவைத் தலைப்பை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

வைத்தீஸ்வரன் வேலாயுதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த நோயாளிக்கு அவற்றைக் கொடுக்கலாமா கூடாதா என்று விளங்காமல், மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.